ஹோட்டல் படங்களைச் சட்டப்படி பெறுவது எப்படி: அஃபிலியேட் பயணத் தளம் நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

“ஹோட்டல்காரரே அவர் தளத்தில் போட்டிருக்கிற படம். நாம் எடுத்துப் போட்டால் அவருக்கு விளம்பரம்தானே? யார் கேட்கப் போகிறார்கள்?” அஃபிலியேட் தளம், அதாவது முன்பதிவு லிங்க் போட்டுக் கமிஷன் வாங்கும் தளம், தொடங்குகிற பலரும் முதல் மாதம் இப்படித்தான் சொல்வார்கள். நானும் சொன்னேன்.

புதுச்சேரியின் பழைய வீட்டு விடுதிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதில் ஒரு விடுதியின் முற்றத்துப் படத்தை அவர்கள் தளத்திலிருந்தே எடுத்துப் போட்டிருந்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது விடுதி இல்லை. படத்தை எடுத்தவரின் சார்பில் ஒரு வெளிநாட்டு நிறுவனம் அனுப்பியிருந்தது. படத்தின் நகல், என் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், தேதி, கட்ட வேண்டிய தொகை எல்லாம் அதில் இருந்தன. விடுதி மேலாளருக்குப் போன் போட்டேன். “நீங்க தாராளமா யூஸ் பண்ணுங்க சார், நான் சொல்றேன்” என்றார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. படம் எடுத்தவர் ஒப்பந்தத்திலேயே உரிமையைத் தன்னிடம் வைத்துக்கொண்டிருந்தார். விடுதிக்குக் கொடுத்தது, அவர்கள் தளத்திலும் கையேட்டிலும் போட்டுக்கொள்ளும் அனுமதி மட்டும். தன் கையில் இல்லாததைத்தான் மேலாளர் எனக்குத் தாராளமாகக் கொடுத்தார்.

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்: இந்தப் படத்துக்கு ‘சரி’ சொல்லும் அதிகாரம் யாருக்கு? கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்விக்கு விடை தேடுவதுதான்.

தொடங்கும் முன் தெரிய வேண்டிய சட்டம்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, புகைப்படம் எடுத்த நொடியிலேயே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை, ஓரத்தில் பதிப்புரிமைக் குறி போடவும் தேவையில்லை. படம் எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கும் அந்த உரிமை நிற்கும். ஆகவே இந்தக் காலத்தில் எடுத்த ஹோட்டல் அறைப் படம் எதுவும் நம் காலத்தில் பொதுச்சொத்து ஆகாது.

உரிமையாளர் யார் என்பதில்தான் சிக்கல். பொதுவாக, கேமராவைப் பிடித்தவர். ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது இந்தியச் சட்டத்தின் 17-வது பிரிவு. பிரிட்டனில் 1989-லிருந்து நிலைமை தலைகீழ். யார் காசு கொடுத்தாலும், ஒப்பந்தம் வேறு மாதிரி சொல்லாவிட்டால், உரிமை படம் எடுத்தவருக்கு. அமெரிக்காவிலும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாமல் வெளி ஆளிடம் எடுத்த படம் பொதுவாக அவருடையதே. லண்டன் ஹோட்டலின் படத்தையும் மதுரை லாட்ஜின் படத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

“நான் எழுதுவது விமர்சனம்தானே, விமர்சனத்துக்கு விலக்கு உண்டே” என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். 52-வது பிரிவில் விமர்சனத்துக்கு இடம் இருக்கிறது, உண்மை. ஆனால் அது படைப்பை விமர்சிப்பதற்கு. அந்தப் புகைப்படத்தைப் பற்றி, அதன் ஒளியைப் பற்றி எழுதினால் சரி. அறையில் ஏசி ஓடவில்லை என்று எழுதப் பிறர் எடுத்த படத்தைப் போடுவதை அந்த விலக்கு காப்பாற்றும் என்று நம்பி உட்கார முடியாது.

தண்டனைப் பக்கத்தையும் பார்த்துவிடலாம். தெரிந்தே மீறினால் 63-வது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யாதபோது நீதிமன்றம் குறைத்துக்கொள்ளலாம். கமிஷன் லிங்க் போட்டிருக்கிற நமக்கு அந்தச் சலுகையைக் கேட்க வாய் வராது. அமெரிக்காவில் உரிய நேரத்தில் பதிவு செய்த படமாக இருந்தால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை, வேண்டுமென்றே செய்ததென்றால் 1,50,000 டாலர் வரை போகலாம். நடைமுறையில் பெரும்பாலும் சிறை வரை போவதில்லை. பணம் கேட்டு வரும் கடிதம்தான் வரும்.

படி 1: சேர்ந்திருக்கும் திட்டத்தின் உள்ளே பாருங்கள்

அஃபிலியேட் பார்ட்னராகச் சேர்ந்தால் கிடைப்பது லிங்க் போடும் உரிமை. அதோடு படமும் சேர்ந்து வரும் என்று நினைப்பது இந்தத் தொழிலின் மிகப் பழைய தவறு.

ஹோட்டல் தன் படங்களை முன்பதிவுத் தளத்தில் ஏற்றும்போது, அந்தத் தளம் தன் கூட்டாளிகளுக்கும் அவற்றைக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கும். அந்தத் தளம் நமக்குத் திறந்துவிடும் வழி மூன்று: அவர்கள் பெட்டியை நம் பக்கத்தில் ஒட்டும் விட்ஜெட், விளம்பரப் பேனர், அவர்கள் தரவு நம் தளத்துக்கு நேராக வரும் ஏபிஐ அல்லது ஃபீட். இந்த வழியாக வந்தால் படத்துக்கு அனுமதிச் சங்கிலி இருக்கிறது. அதே படத்தை அதே தளத்தின் பக்கத்திலிருந்து ரைட் கிளிக் செய்து சேமித்தால் சங்கிலி அறுந்துவிடும். கோப்பு ஒன்றுதான். வந்த வழி வேறு.

புக்கிங் டாட் காம், அகோடா, எக்ஸ்பீடியா போன்ற பெரிய தளங்களில் ஏபிஐ எல்லாப் பார்ட்னருக்கும் தானாகத் திறப்பதில்லை. விண்ணப்பிக்க வேண்டும், பார்வையாளர் எண்ணிக்கையைக் கேட்பார்கள். அது கிடைக்கும்வரை விட்ஜெட்டை வைத்துக்கொண்டு காலம் தள்ளுவதில் வெட்கமில்லை.

ஏபிஐ கிடைத்தால் ஒப்பந்தத்தில் இவற்றைத் தேடிப் படியுங்கள். படத்தை உங்கள் சர்வரில் சேமிக்கலாமா, எத்தனை மணி நேரம் வைத்திருக்கலாம்? அந்தப் படத்துக்கு அருகே போட்டித் தளத்தின் லிங்க் இருக்கலாமா? இன்ஸ்டாகிராமிலும் யூடியூப் தம்ப்நெயிலிலும் போடலாமா? பார்ட்னர்ஷிப் முடிந்தால் எத்தனை நாளில் நீக்க வேண்டும்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானோர் மறந்துவிடுகிறார்கள். கணக்கு மூடப்பட்டு இரண்டு வருடம் ஆன பிறகும் பழைய பக்கங்களில் படங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வெளியிலிருந்து வரும் படங்களைத் தானாக இழுத்து உங்கள் மீடியா லைப்ரரியில் சேமித்துவிடும் பிளகின்கள் உண்டு. ஏபிஐ முகவரியிலிருந்து மட்டும் காட்டலாம் என்று ஒப்பந்தம் சொல்லும். பிளகின் நமக்குத் தெரியாமலே நகல் எடுத்து வைத்திருக்கும். நிறுவிய பிறகு மீடியா லைப்ரரியை ஒருமுறை திறந்து பாருங்கள்.

கூகுள் மேப்ஸ் படங்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவற்றை ஏற்றியது விருந்தினர்களும் ஹோட்டல்காரர்களும், உரிமையும் அவர்களுடையதே. கூகுளின் பிளேசஸ் ஏபிஐ வழியாகக் காட்டலாம், ஆனால் படத்தோடு வரும் ஏற்றியவர் பெயரையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இடத்தின் அடையாளக் குறியீட்டைச் சேமித்து வைக்கலாம். படத்தைச் சேமிக்கக் கூடாது. மேப்ஸைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுப்பது இதில் எதிலும் சேராது.

படி 2: ஹோட்டலிடம் கேளுங்கள், எழுத்தில்

என் அனுபவத்தில் சிறிய, நடுத்தர ஹோட்டல்களுக்கு இதுதான் நல்ல வழி. கேட்டால் கொடுக்கிறார்கள். பிரச்சினை கேட்கிற விதத்தில் இருக்கிறது.

ரிசப்ஷனில் கேட்பதில் பயனில்லை. சிறிய விடுதியென்றால் உரிமையாளரிடம், நடுத்தர ஹோட்டலென்றால் சேல்ஸ் அல்லது மார்க்கெட்டிங் மேலாளரிடம், சங்கிலி ஹோட்டலென்றால் தலைமையகத்தின் மக்கள் தொடர்புப் பிரிவிடம். சங்கிலி ஹோட்டலில் அந்த ஊர்ப் பொது மேலாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பிராண்டின் படங்களைக் கொடுக்கும் அதிகாரம் பெரும்பாலும் அவரிடம் இருக்காது. பெரிய பிராண்டுகள் பத்திரிகையாளர்களுக்கென்று படத் தொகுப்பு வைத்திருக்கின்றன. அங்கே பதிவிறக்கம் பொத்தான் இருப்பதாலேயே நமக்கும் அது திறந்திருக்கிறது என்று நினைக்காதீர்கள். ‘செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று விதிமுறையில் இருந்தால், கமிஷன் பக்கத்துக்குத் தனியாக அனுமதி கேட்டாக வேண்டும்.

நான் அனுப்பும் கடிதம் இது:

“மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்குமிடங்களைப் பற்றி எழுதும் தளம் ஒன்றை நடத்துகிறேன். உங்கள் விடுதியைப் பற்றிய பக்கத்தின் முகவரி கீழே உள்ளது. அதில் முன்பதிவு லிங்க் உண்டு. அதன் வழியாக அறை பதிவானால் எனக்குக் கமிஷன் வரும். இணைப்பில் குறித்திருக்கும் ஆறு படங்களை அந்தப் பக்கத்திலும், அதைப் பகிரும் என் சமூக ஊடகப் பதிவுகளிலும், உலகம் முழுவதும், 10 ஆண்டுகளுக்கு, கட்டணமின்றி, அளவு மாற்றியும் ஓரம் வெட்டியும் பயன்படுத்த அனுமதி கோருகிறேன். இப்படங்களின் உரிமை விடுதியிடம் உள்ளதா, படம் எடுத்தவரிடம் உள்ளதா என்பதைத் தெரிவிக்கவும். படத்தின் கீழ் யார் பெயரைப் போட வேண்டும் என்றும் சொல்லுங்கள். நீக்கச் சொன்னால் 7 நாளில் நீக்கிவிடுவேன்.”

ஒவ்வொரு சொல்லும் காரணத்தோடுதான் இருக்கிறது. 30-வது பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்தும் வேண்டும் என்றிருந்ததை 2012 திருத்தம் எடுத்துவிட்டதால் மின்னஞ்சலுக்கு இடம் இருக்கிறது. காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 19-வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. 30ஏ பிரிவு இதை உரிமங்களுக்கும் நீட்டிக்கிறது. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருந்தால் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொல் எவ்வளவு பெரியது என்று புரியும்.

கமிஷனை மறைக்காதீர்கள். பின்னால் தெரியவந்தால், கொடுத்த அனுமதியே வேறு எதற்கோ கொடுத்தது என்று ஆகிவிடும்.

பதில் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலாக வரும். அதை வைத்துக்கொண்டு திருப்தி அடையாமல், “ஆபீஸ் மெயிலிலிருந்து ஒரு வரி மட்டும் அனுப்பிடுங்க சார்” என்று கேளுங்கள். போன் மாறும், மேலாளர் மாறுவார், மெயில் நிற்கும். உரிமை படம் எடுத்தவரிடம் என்று பதில் வந்தால் அவருக்கு எழுதுங்கள். ஒரு ஹோட்டலுக்கு எடுத்த படத்துக்குச் சின்னக் கட்டணத்தில் இணைய உரிமம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

படி 3: நீங்களே எடுங்கள்

இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசப் போகிறேன், ஏனென்றால் உரிமைக் கேள்வி இங்கேதான் மிக எளிதாகத் தீர்கிறது. எடுத்தது நீங்கள், உரிமை உங்களுடையது.

அறைக்குள் நுழைந்ததும் பையைத் திறக்காதீர்கள். செருப்பை வாசலிலேயே விட்டு, எல்லா விளக்கையும் போட்டு, திரையை விலக்கி, முதல் பத்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். ஒருமுறை துண்டு கட்டிலுக்கு வந்துவிட்டால் அந்த அறை அதற்கப்புறம் படத்துக்கு ஆகாது. மூலையில் நின்று போனை நெஞ்சு உயரத்தில் பிடியுங்கள். 0.5 லென்ஸைத் தொடாதீர்கள். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபமாகக் காட்டும், போய்த் தங்குகிறவர் உங்களைத்தான் திட்டுவார்.

ஹோட்டல் படங்களில் ஒருபோதும் வராதவற்றை எடுங்கள். கட்டில் பக்கத்தில் சார்ஜர் பாயிண்ட் எங்கே இருக்கிறது, பாத்ரூமில் பக்கெட்டும் மக்கும் இருக்கின்றனவா, கீஸர் சுவிட்ச் எங்கே, ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதா அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி தெரிகிறதா, லிஃப்ட் இல்லாவிட்டால் படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, காலை உணவில் இட்லி சூடாக வருகிறதா. என் பக்கங்களில் வாசகர்கள் கேள்வி கேட்டு எழுதுவது இந்தப் படங்களைப் பார்த்துத்தான். மாலை நேரத்து நீச்சல் குளப் படத்துக்கு யாரும் கேள்வி கேட்டதில்லை.

சட்டப் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை. கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவதை 52-வது பிரிவு அனுமதிக்கிறது. உள்ளே இருப்பது தனியார் இடம். செக்-இன் செய்யும்போதே “படம் எடுத்து என் தளத்தில் போடுவேன்” என்று சொல்லிவிடுங்கள். மற்ற விருந்தினர்களின் முகம், முக்கியமாகக் குழந்தைகள், வரக்கூடாது. சுவரில் மாட்டியிருக்கும் ஓவியம் தனிப் படைப்பு. அறையோடு அறையாகப் பின்னணியில் வந்தால் பரவாயில்லை. அதை மட்டும் நெருக்கமாக எடுத்துப் போட்டால் ஓவியரின் உரிமைக்குள் கால் வைக்கிறீர்கள்.

இன்னொன்று, சுவாரஸ்யமானது. மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஹோட்டல் 1903-ல் திறந்தது. அந்தக் கட்டடத்தின் தோற்றமே 2017-ல் வணிகக் குறியாக (டிரேட்மார்க்) பதிவானது. இந்தியாவில் இப்படிப் பதிவான முதல் கட்டடம் அதுதான். அதற்காகப் பயந்து ஹோட்டலைப் பற்றிய கட்டுரையில் படம் போடாமல் இருக்க வேண்டியதில்லை. அந்தக் குவிமாடத்தை உங்கள் தளத்தின் லோகோவாக்குவதோ, டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்பதோதான் வம்பு. வெளிநாட்டில் விதி மாறும். பாரிஸில் ஈபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை. அதன் இரவு விளக்கு அலங்காரத்துக்கு உரிமை கோரப்படுகிறது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி கேட்கச் சொல்கிறார்கள். ‘பால்கனியிலிருந்து இரவுக் காட்சி’ என்று ஹோட்டல் பக்கத்தில் போடுபவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஹோட்டல் இலவசமாகத் தங்கவைத்தால் பக்கத்திலேயே அதைச் சொல்லிவிடுங்கள். காசோ இலவசமோ வாங்கிய தொடர்பை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது.

படி 4: விருந்தினர்கள் எடுத்த படங்கள்

இன்ஸ்டாகிராமில் ஹோட்டலை டேக் செய்து போட்ட படம் டேக் செய்தவருடையது. பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்பது தவறு. நன்றி சொல்வது அனுமதி ஆகாது. நேராகச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். “இதை எடுத்தது நீங்கள்தானா?” என்பதையும் கேளுங்கள், தம்பதியில் ஒருவர் போஸ் கொடுத்திருப்பார், எடுத்தது மூன்றாமவராக இருப்பார்.

இதில் எல்லாப் பயணத் தளக்காரரும் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று ஐரோப்பாவில் நடந்தது. ஸ்பெயினின் கோர்டோபா நகரப் படம் ஒன்றை, அதை எடுத்தவரின் அனுமதியோடு ஒரு பயணத் தளம் வெளியிட்டிருந்தது. ஜெர்மனியில் ஒரு பள்ளி மாணவி அதை எடுத்துத் தன் பள்ளிக்கூடப் பயிற்சியில் சேர்த்து, எடுத்த தளத்தின் பெயரையும் கீழே போட்டிருந்தாள். பள்ளி அதைத் தன் தளத்தில் ஏற்றியது. லாபம் கிடையாது, மூலம் மறைக்கப்படவில்லை, மூலத் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய படம். ஆனாலும் 2018 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், வேறொரு தளத்தில் மறுபடி ஏற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றது. பள்ளிக்கூடத்துக்கே இந்தக் கதியென்றால் கமிஷன் லிங்க் வைத்திருப்பவர் எந்த முகத்தோடு வாதாடுவது?

ஏற்றாமல், மூலத் தளத்திலிருந்தே நம் பக்கத்தில் தெரியும்படி எம்பெட் செய்தால்? அமெரிக்காவிலேயே நீதிமன்றங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. மேற்குக் கரை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023-லும் எம்பெட் செய்வதற்குச் சாதகமாக நின்றது. நியூயார்க்கில் ஒரு நீதிபதி 2018-ல் நேர்மாறாகச் சொன்னார். நான் எம்பெட் செய்வதுண்டு, ஆனால் கேட்டுவிட்டுத்தான்.

படி 5: பொது உரிமப் படங்கள்

எடுத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் திறந்துவிட்ட படங்கள் இவை. விக்கிமீடியா காமன்ஸில் பிரபலமான ஹோட்டல்களின் வெளித்தோற்றப் படங்கள் கிடைக்கும்; அறைகள் அபூர்வம். அங்கே இருப்பவை வணிகப் பயன்பாட்டை அனுமதிப்பவை. ஃபிளிக்கரில் அப்படி இல்லை. ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற நிபந்தனையுள்ள படங்கள் கலந்திருக்கும், வடிகட்டித் தேட வேண்டும்.

நிபந்தனையை முழுதாக நிறைவேற்றுங்கள். “படம்: விக்கிப்பீடியா” என்று போடுவது போதாது. படத்தின் கீழ் இப்படி இருக்க வேண்டும்: “படம்: எடுத்தவர் பெயர், விக்கிமீடியா காமன்ஸ், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0, ஓரம் வெட்டப்பட்டது”. மூலப் பக்கத்துக்கும் உரிமப் பக்கத்துக்கும் லிங்க் கொடுங்கள். பெயர் போட மறந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பணம் கேட்பதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் உண்டு. இந்த சிசி, அதாவது கிரியேட்டிவ் காமன்ஸ், உரிமத்தின் 4.0 பதிப்பில், தவறு தெரிந்த 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமம் தானாகத் திரும்பி வரும், 2.0, 3.0 பதிப்புகளில் அந்தச் சலுகை இல்லை. அதனால் பழைய பதிப்புப் படம் என்றால் நான் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் போடுவேன்.

ஊரைக் காட்டும் படங்களுக்குச் சுற்றுலா வாரியங்களிடம் போகலாம். சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் போன்றவை படத் தொகுப்புகளே நடத்துகின்றன. விதிமுறை ஒவ்வொன்றுக்கும் வேறு.

ஸ்டாக் தளங்களில் ஹோட்டல் பெயர் தெரியும் படங்கள் பலவும் ‘எடிட்டோரியல் மட்டும்’ (செய்தி, கட்டுரைக்கு மட்டும்) என்ற முத்திரையோடு வரும். முன்பதிவு பொத்தானுக்குப் பக்கத்தில் அதைப் போடாதீர்கள். அன்ஸ்பிளாஷ், பெக்ஸல்ஸ் படங்கள் இலவசம்தான். ஆனால் எங்கோ இருக்கும் ஒரு அறையின் படத்தைப் போட்டு ‘கொடைக்கானல் டீலக்ஸ் ரூம்’ என்று எழுதினால் பதிப்புரிமையில் தப்பித்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் மாட்டுவீர்கள். ஏஐயிடம் வரையச் சொன்ன அறைப் படத்துக்கும் இதே பதில்.

படி 6: பட்டியல் போடுங்கள்

ஒரு ஷீட் போதும். என்னுடையதில் ஒரு வரி இப்படி இருக்கும்: கோப்பின் பெயர், எந்தப் பக்கம், எடுத்தவர், அனுமதி கொடுத்தவர், தேதி, எதற்கெல்லாம், எதுவரை, ஆதார மெயில் இருக்கும் இடம். பொது உரிமப் படமென்றால் எடுத்த அன்றே உரிமம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுவேன். படம் போட்டவர் பின்னாளில் பக்கத்தையே நீக்கிவிடலாம்.

ஏற்கெனவே தளம் ஓடிக்கொண்டிருக்கிறதா? அதிகப் பேர் வரும் இருபது பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு படத்தையும் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டு மூலத்தைத் தேடுங்கள். ஆதாரம் கிடைக்காததை நீக்குங்கள். பக்கத்திலிருந்து மட்டும் எடுத்தால் கோப்பு சர்வரில் அப்படியே இருக்கும். மீடியா லைப்ரரியிலும், தானாக உருவான சிறு அளவு நகல்களிலும், படங்களின் நகலை வேறு சர்வர்களில் வைத்துக் காட்டும் சிடிஎன்னிலும் போய் அழிக்க வேண்டும்.

கடிதம் வந்துவிட்டால்

முதலில் படத்தை நீக்குங்கள், நீக்கிய தேதியைக் குறித்து வையுங்கள். உடனே பணம் கட்டவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். மூன்று விஷயம் கேட்டுப் பதில் எழுதுங்கள்: படம் எடுத்தவர் யார், அவர் சார்பில் பேச உங்களுக்கு அதிகாரம் கொடுத்த ஆவணம் எங்கே, கேட்கும் தொகை எந்தக் கணக்கில் வந்தது. பட்டியலைத் திறந்து அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த மெயிலை அனுப்பினாலே பெரும்பாலும் விஷயம் முடிந்துவிடும். இல்லையென்றால், இதே மாதிரிப் படத்துக்கு இணைய உரிமம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று தேடி அதை வைத்துப் பேசுங்கள். தொகை பெரிதாக இருந்தால் வக்கீலைப் பார்ப்பது மலிவு.

எனக்கு வந்த கடிதத்தில் கேட்டதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து முடித்தேன். அடுத்த மாதம் பஸ் பிடித்துப் புதுச்சேரி போய், அதே விடுதியில் ஒரு இரவு காசு கொடுத்துத் தங்கி, அதே முற்றத்தைக் காலை ஏழு மணிக்கு எடுத்தேன். ஓரத்தில் துணிக்கொடியில் நாலு துண்டு காய்கிறது, தூணுக்குப் பின்னால் பால்காரர் சைக்கிளின் பாதி தெரிகிறது. ஷீட்டில் அதற்கான வரியில் ‘அனுமதி கொடுத்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயர் இருக்கிறது.